இரண்டாண்டுப் பயிற்சிக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. மின்தூக்கிப் பராமரிப்பு நிறுவனமொன்றில் 4,200 வெள்ளி அடிப்படைச் சம்பளத்தில் தொழில்நுட்பராக வேலை செய்கிறேன். என் மனைவி பாலர் பள்ளி ஒன்றில் பகுதிநேர உதவி ஆசிரியராக 1,600 வெள்ளி வாங்குகிறார். பிள்ளைகளுக்கு 9 வயதும் 5 வயதும் ஆகின்றன. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இருக்கும் எங்கள் நான்கறை வீட்டின் மாதத் தவணை 1,000 வெள்ளி, மத்திய சேமநிதி (மசேநி) கணக்கிலிருந்து போய்விடுகிறது. குடும்பச் செலவு மாதம் 4,100 வெள்ளி. கையிருப்பு 9,000 வெள்ளி. மூன்று ஆண்டுகளாக பிரேசிலிய ஜியு ஜிட்சு என்ற தற்காப்புக் கலையைப் பயில்கிறேன். இப்போது நீலப் பட்டை. வாரம் நான்கு மாலைகள் பயிற்சி, மாதக் கட்டணம் 220 வெள்ளி. இதற்காக முன்பு வாரம் இரண்டு மாலைகள் பார்த்த மிகைநேர வேலையை விட்டுவிட்டேன். இப்போது 24 மாதங்களுக்கு ஒரே தவணையாக 4,200 வெள்ளி கட்டினால் போதும் என்று பயிற்சிக்கூடம் சொல்கிறது. மனைவிக்கு 2,700 வெள்ளியில் முழுநேர வேலை வந்திருக்கிறது. ஆனால் வாரம் மூன்று நாள் மாலை 7 மணிவரை இருக்க வேண்டும் என்பதால் தயங்குகிறார். சலுகையை ஏற்கலாமா? பிற்காலத்தில் பயிற்றுநராகும் எண்ணமும் உண்டு.

பதில்: நீங்கள் கேட்டது முன்பணத்தைப் பற்றி. அதற்கு என் பதில், கட்ட வேண்டாம் என்பதே. ஆனால் உங்கள் கடிதத்தில் என் கவனத்தை அதிகம் ஈர்த்தது போகிற போக்கில் நீங்கள் எழுதிய மனைவியின் வேலை பற்றிய வரிதான். முன்பணக் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

மாதம் 220 வெள்ளி வீதம் 24 மாதங்களுக்கு 5,280 வெள்ளி ஆகிறது. 4,200 வெள்ளி கட்டினால் 1,080 வெள்ளி மிச்சம். ஏறத்தாழ 20 விழுக்காட்டுத் தள்ளுபடி என்பதால் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும் 4,200 வெள்ளி என்பது 19 மாதக் கட்டணத்துக்குச் சற்று மேல். ஆக, 20ஆம் மாதத்துக்கு முன்பே நீங்கள் நிறுத்த நேர்ந்தால், அது காயத்தாலோ வேலை மாற்றத்தாலோ கூடம் இடம் மாறியதாலோ எதனால் என்றாலும், தள்ளுபடி நட்டமாக மாறிவிடும். கூடமே மூடப்பட்டால் நிலைமை இன்னும் மோசம். நிறுவனம் கலைக்கப்படும்போது முன்பணம் கட்டிய வாடிக்கையாளர் பிணையின்றிக் கடன் கொடுத்தவராகக் கருதப்பட்டு, பிணை பெற்றுக் கடன் கொடுத்தவர்களுக்கும் முன்னுரிமைக் கடன்களுக்கும் பின்னால் நிற்க வேண்டும். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது உண்மைதான். ஆனால் கல்லாவில் பணமே இல்லாத நிறுவனத்தின் மீது பெறும் உத்தரவால் என்ன பயன்? இவற்றைவிட முக்கியமானது, உங்கள் 9,000 வெள்ளி இரண்டு மாதச் செலவுக்குச் சற்றே அதிகம் என்பது. அதில் 4,200 வெள்ளியை எடுத்தால் மிஞ்சுவது ஒரு மாதத்துக்கும் கொஞ்சம் மேலான பாதுகாப்பு மட்டுமே. இரு பிள்ளைகள் உள்ள குடும்பம் அந்த நிலையில் இருக்கக் கூடாது.

இனி, மாலை நேரங்களின் விலைக்கு வருவோம். வேலை நியமனச் சட்டப்படி, உடலுழைப்புத் தொழிலாளர்களில் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளியைத் தாண்டாதவர்களுக்கு மிகைநேர ஊதியம் மணிக்கு ஒன்றரை மடங்கு. உங்கள் வேலை அந்த வகையில் அடங்கும் என்றே கொள்கிறேன். 4,200 வெள்ளியை 12ஆல் பெருக்கி, 52 வாரம், 44 மணி நேரம் என்று வகுத்தால், மணிக்கு 22 வெள்ளி வருகிறது. மிகைநேரத்துக்கு 33 வெள்ளி. மூன்று மணி நேர மாலை ஒன்றுக்கு 99 வெள்ளி. வாரம் இரண்டு மாலைகளை நீங்கள் விட்டுக்கொடுத்ததால் மாதம் ஏறத்தாழ 860 வெள்ளி குறைந்திருக்கிறது. அதாவது உங்கள் பயிற்சியின் உண்மையான மாதச் செலவு 220 வெள்ளி அல்ல, 1,080 வெள்ளி. சலுகையால் இரண்டாண்டில் மிச்சமாகும் என்று நீங்கள் மகிழ்ந்த அதே தொகை, வேறொரு வழியாக ஒவ்வொரு மாதமும் போய்க்கொண்டிருக்கிறது.

உங்கள் மனைவிக்கு வந்திருக்கும் வேலை மாதம் 1,100 வெள்ளி கூடுதலாகத் தரும். அவருடைய 20 விழுக்காட்டு மசேநி பங்களிப்பு போக 880 வெள்ளி கைக்கு வரும். முதலாளியின் 17 விழுக்காட்டுப் பங்களிப்பாக 187 வெள்ளி மசேநியில் சேரும். வாரம் மூன்று மாலைகள் நீங்கள் வீட்டில் இருந்தால் அவர் அந்த வேலையை ஏற்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: இந்த 1,100 வெள்ளியையும் முன்சொன்ன 860 வெள்ளியையும் கூட்டிப் பார்த்துவிடாதீர்கள். ஒரே மாலையை இரண்டு முறை விற்க முடியாது. நீங்கள் வீட்டில் பிள்ளைகளோடு இருக்கும் மாலையில் மிகைநேர வேலை பார்க்க இயலாது. எனவே இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெறும் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் உங்கள் மிகைநேர வேலைதான் வெல்கிறது. மனைவியின் கூடுதல் 1,100 வெள்ளியை மாதத்தின் 13 மாலைகளுக்குப் பங்கிட்டால் மாலைக்கு 85 வெள்ளிதான் வருகிறது. உங்களுடையது 99 வெள்ளி. இருந்தும் நான் மனைவியின் வேலையையே தேர்ந்தெடுப்பேன். மிகைநேர வேலை நிறுவனத்தின் தேவையைப் பொறுத்தது. இன்று உண்டு, அடுத்த காலாண்டில் இல்லாமலும் போகலாம். முழுநேர வேலையோ அடுத்த சம்பள உயர்வுக்கும் பதவி உயர்வுக்கும் வழி திறக்கும். மேலும், நீங்கள் பழகும் கலையில் அடிபடக்கூடியவர் நீங்கள்தான், அவரல்ல. குடும்பத்தின் வருமானம் முழுவதும் உங்கள் முழங்காலின் மேல் நிற்பதைக் குறைப்பதே இந்தக் கணக்கின் சாரம்.

அதை விளக்கமாகச் சொல்கிறேன். மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவர் முழங்கால் தசைநார் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களில் அலுவலகம் திரும்பிவிடலாம்; ஏணியேறி மின்தூக்கிக் குழிக்குள் இறங்கி வேலை பார்ப்பவருக்கு அது முடியாது. முழுமையாக விளையாட்டுக்குத் திரும்ப ஒன்பது மாதங்கள்கூட ஆகலாம். சட்டப்படி, ஆறு மாதச் சேவை முடித்த ஊழியருக்கு ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பும், அதையும் உள்ளடக்கி 60 நாள் மருத்துவமனை விடுப்பும்தான் சம்பளத்தோடு கிடைக்கும். பயிற்சிக்கூடத்தில் ஏற்படும் காயத்துக்கு வேலையிடக் காய இழப்பீடும் கிடைக்காது. அதன் பிறகு சம்பளமில்லா விடுப்பு என்றால், 35 வயதைத் தாண்டி 45 வரையிலானவர்களுக்கு ஊதியத்தில் 21 விழுக்காடு, வீட்டுத் தவணைக்குப் பயன்படும் மசேநி சாதாரணக் கணக்குக்குப் போகிற ஏற்பாட்டின்படி, மாதந்தோறும் உங்கள் கணக்கில் சேரும் 882 வெள்ளி நின்றுபோகும். உங்கள் மனைவியும் இதே வயது வரம்புக்குள் இருப்பதாகக் கொண்டால், அவருடைய பகுதிநேரச் சம்பளத்திலிருந்து சேருவது 336 வெள்ளி, முழுநேரமானால் 567 வெள்ளி. வீட்டுத் தவணையோ 1,000 வெள்ளி. சாதாரணக் கணக்கில் ஏற்கெனவே எவ்வளவு இருப்பு உள்ளது என்பதை இன்றே பாருங்கள். ஆறு மாதத் தவணைக்காவது அங்கே இருக்க வேண்டும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, மெடிஷீல்டு லைஃப் பெரிய மருத்துவமனைக் கட்டணங்களுக்கானது. அது உங்கள் சம்பளத்தை ஈடுசெய்யாது. தனிநபர் விபத்துக் காப்பீட்டில் வாரந்தோறும் வருமானம் தரும் பிரிவு இருக்கும் திட்டங்கள் உண்டு. ஆனால் தற்காப்புக் கலைகளை, குறிப்பாகப் போட்டிகளை, விலக்கும் நிபந்தனைகள் அவற்றில் அடிக்கடி தென்படும். பிரேசிலிய ஜியு ஜிட்சு என்று பெயர் சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முகவர் வாய்மொழியாகச் சொன்ன உறுதி, பணம் கோரும் நாளில் கைகொடுக்காது.

பயிற்சியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உடல்நலத்துக்கும் மனநிம்மதிக்கும் மாதம் 220 வெள்ளி செலவிடுவது உங்கள் வருமானத்துக்கு மிகையல்ல. நான் மாற்றச் சொல்வது கால அட்டவணையை. மனைவி சீக்கிரம் திரும்பும் நாள்களில் ஒரு மாலையும், சனி அல்லது ஞாயிறு காலையில் ஒரு வகுப்பும் போதும். வாரம் இருமுறை வகுப்புக்குக் குறைந்த கட்டணம் உண்டா என்று கூடத்தில் கேளுங்கள். காயம்பட்டால் கட்டணத்தை நிறுத்திவைக்கும் வசதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூத்த பிள்ளைக்கு ஆர்வமிருந்தால் மக்கள் கழகச் சமூக மன்றங்களில் டேக்வாண்டோ, சிலாட் வகுப்புகள் நடக்கின்றன. அங்கே கட்டணம் பொதுவாகக் குறைவு. மனைவிக்கும் வாரத்தில் ஒரு மாலையும் ஒரு சிறு தொகையும் கேள்வி கேட்கப்படாமல் ஒதுக்கப்பட வேண்டும். இதை நீங்கள் கேட்கவில்லைதான். இருந்தாலும் ஒருவருடைய பொழுதுபோக்குச் செலவு மட்டும் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற்ற வீடுகளில் பணத்தகராறு எப்படித் தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும்.

மனைவியின் கூடுதல் 880 வெள்ளியை முதல் ஆறு மாதங்களுக்குத் தொடாமல் சேமியுங்கள். 5,280 வெள்ளி சேரும் (தற்செயலாக, இது உங்கள் இரண்டாண்டுக் கட்டணத்துக்குச் சமம்). கையிருப்பு 14,280 வெள்ளியாகி, மூன்றரை மாதச் செலவைத் தாங்கும்.

பயிற்றுநராகும் எண்ணத்தை இன்றைய கணக்கில் சேர்க்காதீர்கள். இந்தக் கலையில் கறுப்புப் பட்டை பெறப் பொதுவாகப் பத்தாண்டுகள் ஆகும். சுயதொழிலாக வகுப்பு நடத்தினால் முதலாளியின் மசேநி பங்களிப்பு கிடையாது; ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மசேநியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவுக்கு நீங்களே கட்ட வேண்டும். உங்கள் தொழிலில் ஊதியம் உயர்வதற்கான படிப்பு ஒன்று இருந்தால், திறன் பயிற்சிக்காக அரசாங்கத்திடமிருந்து 40 வயதில் கிடைக்கும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை அதற்கு உதவும்; அந்த வகுப்புக்கும் மாலைகள் தேவைப்படும் என்பதை இப்போதே நினைவில் வையுங்கள்.

கடைசியாக, மனைவி வேலையை ஏற்பதற்கு முன் உங்கள் நிறுவனத்திடம் அந்த மூன்று நாள்களில் மட்டும் வேலையைச் சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடிக்க எழுத்துமூலம் கேளுங்கள். அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்து வகுத்து 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு வழிகாட்டுதல்களின்படி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான முறையான கோரிக்கைக்கு முதலாளி இரண்டு மாதங்களுக்குள் எழுத்தில் பதிலளிக்க வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வரும்வரை பயிற்சிக்கூடத்துக்கு மாதக் கட்டணத்தையே கட்டிவாருங்கள்.