கடலுக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லி விற்ற போன்

சாம்பல்தீவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் கடற்றொழிலாளி. பெப்ரவரி 10 ஆம் திகதி திருகோணமலை நகரில் ஒரு கடையில் 68,500 ரூபாவுக்கு போன் வாங்கியிருக்கிறார்கள். சீட்டு எடுத்த காசு. "படகில கொண்டுபோறதுக்கு வேணும், தண்ணி பட்டாலும் பழுதாகாத போன் ஒண்டு தாங்கோ" என்று கணவர் கேட்க, கடையில் நின்ற தம்பி நாலைந்தில் ஒன்றை எடுத்து, "அண்ணை, இது வாட்டர்புரூஃப், கடலுக்கே கொண்டுபோகலாம்" என்று ஒரு வாளித் தண்ணீரில் முக்கியும் காட்டியிருக்கிறார். ஏப்ரல் 2 ஆம் திகதி வலை இழுக்கும்போது அலை அடித்துச் சட்டைப் பை நனைந்தது. கரைக்கு வந்தபோது போன் உயிரில்லை. இரண்டு நாள் அரிசிக்குள் புதைத்து வைத்தும், பிறகு சார்ஜ் போட்டும் பார்த்திருக்கிறார்கள். கடையில் கொடுத்தால் "புத்தாண்டு முடியட்டும்" என்றார்கள், பிறகு "கொழும்புக்கு அனுப்பியிருக்கு" என்றார்கள். ஏப்ரல் 23 ஆம் திகதி போனைத் திருப்பித் தந்து, உள்ளே சிவந்திருந்த ஒரு சின்ன ஒட்டுச் சீட்டைக் காட்டி, "தண்ணி போயிருக்கு, வாரண்டி இல்லை" என்று முடித்துவிட்டார்களாம். வாரண்டி அட்டையிலும் நீரினால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. பற்றுச்சீட்டின் அடியில் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று முத்திரை. "இனி ஒன்றும் செய்ய ஏலாதா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி, செய்யலாம். ஆனால் முதலில் காலண்டரைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆவது பிரிவு, விற்ற பொருள் பற்றிய முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபையிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. போன் பழுதான நாளிலிருந்து மூன்று மாதம் இல்லை. கடைக்காரர் கைவிரித்த நாளிலிருந்தும் இல்லை. வாங்கிய நாளிலிருந்து. உங்களுக்கு அது மே 10 உடன் முடிகிறது. கடை உங்களைக் காக்கவைத்த மூன்று கிழமையும் உங்கள் கணக்கிலிருந்துதான் கழிந்திருக்கிறது. மே தினம், வெசாக் என்று அந்த மாதம் விடுமுறைகளோடு வரும். கடைசி நாள்வரை பார்த்திருக்காமல் இந்தக் கிழமையே எழுதிக் கொடுங்கள். நியாயம் முழுக்கத் தங்கள் பக்கம் இருந்தும், "நாளைக்கு வாங்கோ, நாளண்டைக்கு வாங்கோ" என்ற பேச்சை நம்பி இந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

சரி, இனி வாரண்டி அட்டைக்கு வருவோம். அட்டையில் இல்லாவிட்டால் உரிமையும் இல்லை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது பிழை. அட்டை என்பது தயாரித்த நிறுவனம் தானாகத் தரும் வாக்கு. அதற்கு வெளியே, விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் சட்டமே வைத்திருக்கும் வாக்கு ஒன்று உண்டு. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், 15 ஆவது பிரிவு. என்ன தேவைக்கு வாங்குகிறேன் என்பதை வாங்குபவர் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்குப் பொருள் நியாயமான அளவில் பொருந்த வேண்டும் என்பது எழுதாமலே ஒப்பந்தத்தில் அடங்கிய நிபந்தனை. உங்கள் கணவர் "படகில கொண்டுபோறதுக்கு" என்று சொல்லியிருக்கிறார். இந்த வழக்கில் எனக்கு அகப்பட்ட மிகப் பெரிய பலம் அந்த ஒரு சொல்தான்.

இதே பிரிவில் ஒரு முள்ளும் இருக்கிறது, அதை உங்களுக்கு மறைக்கக் கூடாது. ஒரு குறிப்பிட்ட பொருளை அதன் வர்த்தகப் பெயரைச் சொல்லி வாங்கினால், "என் தேவைக்குப் பொருந்தவில்லை" என்ற வாதம் எடுபடாது. கடைக்காரர் சட்டத்தரணி ஒருவரிடம் போனால் அவர் முதலில் தொடுவது இதைத்தான்: "அவர்தானே இந்த மொடல் வேண்டும் என்று கேட்டார்." நீங்கள் எழுதியபடி பார்த்தால் நடந்தது அதுவல்ல. கணவர் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. தேவையைச் சொன்னார், நாலைந்தில் ஒன்றைத் தெரிவுசெய்து கொடுத்தது கடை. முறைப்பாட்டில் இதை ஒரு தனி வசனமாகவே எழுதுங்கள். யார் தெரிவுசெய்தது என்பதில்தான் இந்த விஷயம் ஒரு பக்கம் சாயும்.

அடுத்தது, "வாட்டர்புரூஃப்" என்ற சொல். பெட்டியில் ஐபி68 என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. தண்ணீர் இலக்கம் 7 என்றால் 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்க வேண்டும். 8 என்றால் அதைவிடக் கடுமையான ஒரு அளவு. ஆழமும் நேரமும் எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளரே குறிப்பிடுவார். இந்தச் சோதனை ஆய்வுகூடத்தில், புதுப் போனை வைத்து, நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. கடல் நீர் வேறு. ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். போனின் மூடியை ஒட்டியிருக்கும் பசையும் வெயிலிலும் வீழ்ச்சியிலும் தளர்ந்துகொண்டே போகும். அரிசி ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கலாம், உள்ளே படிந்த உப்பை அதனால் எடுக்க முடியாது. கடலில் நனைந்த போனை உடனே நிறுத்திவிட்டு, முழுதாகக் காய்ந்தது என்று நிச்சயமாகத் தெரியும்வரை சார்ஜ் போடாமல் இருப்பதுதான் நல்லது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், யார்மேல் முறைப்பாடு என்பது இங்கேதான் தீர்மானமாகிறது. கடல் நீருக்கு இந்தப் போன் உகந்ததல்ல என்று தயாரிப்பாளரின் கையேட்டிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். அப்படியானால் தயாரிப்பாளர் பொய் சொல்லவில்லை. "கடலுக்கே கொண்டுபோகலாம்" என்று அதற்கு மேல் ஒரு படி போனது கடை. பொருளின் தரம், பயன், செயல்திறன் பற்றி வியாபாரி பொய்யான கூற்றுச் சொல்வதை அதே 2003 சட்டத்தின் 31 ஆவது பிரிவும், தவறாக வழிநடத்துவதை 30 ஆவது பிரிவும் தடை செய்கின்றன. ஆகவே உங்கள் எதிராளி கொழும்பிலிருக்கும் நிறுவனம் அல்ல, நகரில் உங்களுக்கு விற்ற கடைதான். வாளியில் முக்கிக் காட்டியதையும் எழுதுங்கள். நல்ல தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கிக் காட்டி, உப்புக் கடலுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தச் சிவந்த ஒட்டுச் சீட்டைக் கண்டு பயப்படவே வேண்டாம். அது தண்ணீர் பட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாகும் ஒரு காட்டி, அவ்வளவுதான். எப்போது, எவ்வளவு, எந்தத் தண்ணீர் என்று அது சொல்லாது. சாதாரணப் போன் என்றால் அது உங்களுக்கு எதிரான சாட்சி. தண்ணீர் போகாது என்று சொல்லி விற்ற போனில் அது உங்களுக்குச் சாதகமான சாட்சி. தண்ணீர் போனது என்பதைக் கடையே காட்டித் தந்திருக்கிறது. திரையிலும் ஓரங்களிலும் வெடிப்பு இல்லை என்று தெரியும்படி போனை நாலு பக்கமும் இன்றே படம் எடுத்து வையுங்கள். "விழுந்து உடைந்த போன்" என்ற கதை பிறகு வரக்கூடும். வேறு திருத்தகத்தில் கொடுத்துத் திறக்கவும் வேண்டாம். ஒருமுறை திறந்துவிட்டால் என்ன நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

"விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்ற முத்திரையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மனம் மாறித் திருப்பிக் கொடுக்கப் போனால் அது பேசும். சொன்ன தரம் இல்லாத பொருளுக்கு அது பேசாது. பொருள் கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லை என்று விசாரணையில் கண்டால், நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிட அதிகார சபைக்கு 13 ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. அந்த உத்தரவாதம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, உள்ளடங்கிய உத்தரவாதமும் சேரும். கடை ரப்பர் முத்திரை குத்தி அந்த அதிகாரத்தை இல்லாமல் செய்ய முடியாது.

வாங்குவதற்கு முதல் நாள் நீங்கள் அந்தக் கடைக்கு வாட்ஸ்அப்பில் "கடல் தண்ணி பட்டா பரவாயில்லையா?" என்று கேட்டதற்கு "ஓம் அக்கா, பயமில்லை" என்று வந்த குரல் பதிவு உங்கள் போனில் இன்னும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தங்கம்போல் வைத்திருங்கள். இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு செய்தியைச் செல்லாது என்று தள்ள முடியாது என்கிறது 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம். படம் எடுத்து வைத்தால் போதும் என்று நினைத்து மூலத்தை அழித்துவிடாதீர்கள். போன் மாற்றினாலும் அந்த உரையாடல் கூடவே வர வேண்டும்.

முறைப்பாட்டை மாவட்டச் செயலகத்தில், நாம் கச்சேரி என்று சொல்லும் இடத்தில் இருக்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை அலுவலர்களிடம் கையில் கொடுங்கள். வழி கேட்க வேண்டுமானால் 1977 க்கு எடுக்கலாம், ஆனால் தொலைபேசியில் சொன்னதை முறைப்பாடாகக் கணக்கெடுத்து இருந்துவிட வேண்டாம். தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. பெரிய வார்த்தைகள் தேவையில்லை. இப்படி இருந்தால் போதும்: "10.02 அன்று கடற்றொழிலுக்குப் படகில் கொண்டுபோக என்று சொல்லிப் போன் கேட்டேன். எந்த மொடல் என்று நான் சொல்லவில்லை. கடை ஊழியர் இதைத் தெரிவுசெய்து தந்து, கடலுக்குக் கொண்டுபோகலாம் என்றார். 02.04 அன்று அலை பட்டுச் சட்டைப் பையில் இருந்தபடி நனைந்து பழுதானது. கொடுத்த 68,500 ரூபாவைத் திருப்பித் தரும்படி உத்தரவிடக் கேட்கிறேன்." அரிசியில் வைத்ததையும் சார்ஜ் போட்டதையும் சேர்த்து எழுதுங்கள். அதை மறைத்து, பிறகு மறுபக்கம் வெளியே எடுத்தால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் பலமிழந்துவிடும். பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம். அதே கடிதத்தின் பிரதி ஒன்றைக் கடைக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சில கடைகள் அந்தத் தபாலோடே பேச வந்துவிடும். வந்தால் பேசுங்கள், ஆனால் காசு கைக்கு வரும்வரை முறைப்பாட்டை மீளப் பெறாதீர்கள்.

இன்னொரு சின்ன வேலை. பெட்டியின் ஓரத்தில் ஐஎம்இஐ என்று 15 இலக்கம் இருக்கும், அது போனின் அடையாள இலக்கம். ஐஎம்இஐ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். பதிவில்லை என்று வந்தால் அந்தப் பதிலையும் முறைப்பாட்டோடு இணையுங்கள்.

அதிகார சபை உத்தரவிட்டும் கடை பணியாவிட்டால், அந்தத் தொகையை நீதவான் நீதிமன்றம் ஊடாக அறவிடச் சட்டத்தில் வழியுண்டு. தப்பித்தவறி மே 10 கடந்துபோனால் எல்லாம் போயிற்று என்றும் இல்லை. பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி உள்ள உரிமை அப்படியே இருக்கும். இந்த அளவு தொகைக்கு நேரே நீதிமன்றம் போக முடியாது, முதலில் உங்கள் பிரதேச மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே சட்டத்தரணி பேச முடியாது, நீங்களே பேசலாம். இணக்கம் வராவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழோடுதான் வழக்கு. அது நீண்ட பாதை, அதற்கு விடாமல் இப்போதே முடிக்கப் பாருங்கள்.

கச்சேரிக்கு நீங்கள் மட்டும் போக வேண்டாம், கணவரையும் கூட்டிப் போங்கள். ஒரு நாள் தொழில் போகும், எனக்கு விளங்குகிறது. ஆனால் கடையில் கேட்டவர் அவர், பதில் சொல்லப்பட்டது அவருக்கு. அலுவலர் கேட்கும்போது தான் கேட்டதையும் அந்தத் தம்பி சொன்னதையும் அவர் தன் வாயாலேயே சொல்லட்டும். பழுதான போன், பெட்டி, பற்றுச்சீட்டு, அந்த ஆங்கில அட்டை, குரல் பதிவு இருக்கும் உங்கள் போன், இவ்வளவும் ஒரே பையில் இருக்கட்டும்.