மூன்று முறை பார்த்தும் பாடம் மறப்பது ஏன்?

மகள் ஒரே வீடியோ பாடத்தை மூன்று முறை பார்க்கிறாள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் விழிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இதை வைத்து ஞாபகசக்தி குறைவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். திரும்பத் திரும்பப் பார்த்தால் பாடம் பழகிப்போகும். பழகியதையே தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்ளும்.

ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை இருமுறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 42 சதவீதம்தான். ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதியவர்களுக்கு 56.

அதனால் வீடியோவை ஒருமுறை பார்த்தால் போதும். ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருதடவை நிறுத்தி, திரையைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். தப்பாக வந்தாலும் பரவாயில்லை, உடனே சரிபார்க்கட்டும். முதலில் எரிச்சல்படுவாள், அது இயல்புதான்.

அப்புறம், ஆங்கி போன்ற செயலியில் அவளே கேள்வி அட்டைகள் செய்யட்டும். எளிதாக வந்த அட்டையைத் தள்ளித் தள்ளியும், தடுமாறிய அட்டையைச் சீக்கிரமும் அது காட்டும். மறக்கப் போகும் நேரத்தில் கஷ்டப்பட்டு நினைவுகூர்வதுதான் பாடத்தை நிலைக்க வைக்கிறது. தூக்கத்தைக் குறைத்துப் படிக்க விடாதீர்கள். பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

'காட்சிவழி கற்பவர்களுக்கான' பாடங்களுக்குச் சந்தா கட்டலாமா என்று கேட்டிருந்தீர்களே, வேண்டாம். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து, அதற்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் கற்றல் கூடும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை.