கரண்ட் போய் வந்தபின் லினக்ஸ் திறக்குதில்லை

கேள்வி: என்னுடைய பழைய லப்டொப்பில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் இருக்கிறது. பற்றரி செத்து, வயரில்தான் ஓடுகிறது. கரண்ட் போய் வந்தபின் கறுப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று வந்து நிற்கிறது. பயோஸில் (லினக்ஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புத் திரை) ஆண்டு 2009 என்று காட்டுகிறது. எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போடவேணுமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: வேண்டவே வேண்டாம். உங்கள் படங்களும் பாடக் குறிப்புகளும் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கையில் கரண்ட் போனதால், கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று கணக்கு வைக்கும் கோப்பு முறைமை குழம்பியிருக்கிறது. அந்தத் திரையில் ‘எக்ஸிட்’ என்று தட்டி என்டரை அழுத்துங்கள். டிஸ்க்கில் பிழையுள்ள பகுதியின் (பார்ட்டிஷன்) பெயரைச் சொல்லும். எஸ்டிஏ1 என்று வைத்துக்கொள்வோம். பிறகு எல்லாம் சிறிய எழுத்தில்: எஃப்எஸ்சிகே, இடைவெளி, கழித்தல் குறியோடு ஒட்டி ‘வை’ எழுத்து, இடைவெளி, சாய்கோடு (/), டிஈவி, சாய்கோடு, எஸ்டிஏ1. ‘வை’ போடாவிட்டால் ஒவ்வொரு பிழைக்கும் உங்களிடம் சம்மதம் கேட்டு நிற்கும். முடிந்ததும் மறுபடி ‘எக்ஸிட்’. டெஸ்க்டொப் திறந்திருக்கும்போது இந்தக் கட்டளையை அதே பகுதிக்கு ஒருநாளும் கொடுக்காதீர்கள்; இருப்பதும் கெட்டுவிடும்.

திருத்தும்போது ‘ஐ/ஓ எரர்’ என்று வரிவரியாக வந்தால் உடனே நிறுத்துங்கள். அது டிஸ்க்கே பழுதாகிற அறிகுறி. யூஎஸ்பியிலிருந்து மின்டைத் திறந்து, முதலில் கோப்புகளை வேறோர் இடத்துக்கு எடுத்துவிடுங்கள்.

2009 என்பதையும் சும்மா விடக்கூடாது. மதர்போர்ட்டில் பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் காசு பற்றரி இருக்கும். பெரிய பற்றரியும் செத்து, இதுவும் தீர்ந்தால், வயரைக் கழற்றியதும் கடிகாரம் பின்னுக்குப் போய்விடும். டிஸ்க்கைக் கடைசியாகத் திறந்த நாள் அப்போது ‘எதிர்காலத்தில்’ இருப்பதாகத் தெரியும். அதனாலேயே லினக்ஸ் திரும்பத் திரும்ப மறிக்கலாம். மீற்றரில் 2.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள். பல லப்டொப்களில் அது சிறு வயரும் பிளக்கும் சேர்த்துச் சுற்றப்பட்டிருக்கும்; வெறும் காசு பற்றரி பொருந்தாது, பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். மாற்றியதும் பயோஸில் திகதியைச் சரிசெய்து, பூட் முறை (கணினி தொடங்கும் விதம்) முன்பிருந்தபடியே பழைய வகையான லெகசியிலா, புதிய வகையான யூஈஎஃப்ஐயிலா இருக்கிறது என்றும் பாருங்கள். அது மாறிக் கிடந்தால் நல்ல டிஸ்க்கையும் ‘காணவில்லை’ என்று சொல்லும்.

கேள்வி: மின்ட் சின்னம் வந்து மறைந்ததும் திரை கறுத்துவிடுகிறது. என்விடியா கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள லப்டொப்.
– வாசகர், பருத்தித்துறை

பதில்: லப்டொப்பைப் போட்டவுடன் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள், யூஈஎஃப்ஐ என்றால் எஸ்கேப்பைத் தட்டுங்கள். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் குரப் மெனு வரும்; அதில் ஆங்கில ‘ஈ’ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் ‘குவயட் ஸ்பிளாஷ்’ என்பதன் பின்னால் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ (நோ, மோட், செட் என்ற ஆங்கிலச் சொற்களை ஒட்டி, சிறிய எழுத்தில்) சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒருமுறைக்கு மட்டும்தான்; உள்ளே போனதும் டிரைவர் மனேஜரில் உங்கள் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் போடுங்கள்.