முத்துப்பிள்ளைக்குப் பிறகு உடனே கருத்தரிக்கலாமா?

சகோதரி, குழந்தை உருவாகாமல் நஞ்சுத் திசு மட்டும் நீர்க்குமிழ்க் கொத்தாக வளரும் முழு முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தைச் சுத்தம் செய்து ஐந்து வாரம்தான் ஆகிறது, இரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனான எச்சிஜி (hCG) 900க்கு இறங்கியிருக்கிறது, மாமியார் அடுத்த குழந்தைக்கு அவசரப்படுத்துகிறார் என்கிறீர்கள். இப்போது வேண்டவே வேண்டாம். இந்த வகையில் நூற்றில் 15 முதல் 20 பேருக்கு மிச்சத் திசு மீண்டும் வளர்கிறது. சிலருக்கு நுரையீரல் வரை பரவுகிறது. அதைக் காட்டிக்கொடுப்பது எச்சிஜிதான். இடையில் கருத்தரித்தாலும் எச்சிஜி ஏறும். காரணம் குழந்தையா கட்டியா என்று மருத்துவரே குழம்புவார்.

வாராந்தரப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். எண் இறங்காமல் நின்றாலும் கலங்க வேண்டாம். பரவாத நிலையில் பெரும்பாலோர் மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்து ஊசியிலேயே குணமாகிறார்கள், கருப்பையும் தப்புகிறது. மறுபடி முத்துப்பிள்ளை வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றளவே.

அடுத்த முறை மாமியாரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது வெள்ளைக் கோட்டு சொன்னால் ஏறும்.