நாற்று விற்ற காசு எங்கே போகிறது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் எங்கள் ஊர் ‘லீக் ஆஃப் வுமன் வோட்டர்ஸ்’ கிளை நடத்திய நாற்று விற்பனையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வாக்காளர்களைப் பதிவு செய்வது, வேட்பாளர்களைக் கேள்வி கேட்கக் கூட்டம் நடத்துவது என்று இயங்கும் கட்சி சாராத தன்னார்வ அமைப்பு அது, சுருக்கமாக ‘லீக்’. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. நியூ ஜெர்சியில் நம்மவர்கள் இத்தனை பேர் உள்ளூர்த் தேர்தலைப் பற்றி அக்கறையாகக் கேட்பது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

கேள்வி: நூலக வாசலில் நானும் தக்காளி நாற்று வாங்கினேன். உண்மையைச் சொல்லுங்கள், அந்தப் பணம் கடைசியில் எந்தக் கட்சிக்குப் போகிறது?
– எடிசன் வாசகர்

எந்தக் கட்சிக்கும், எந்த வேட்பாளருக்கும் ஒரு காசுகூடப் போவதில்லை. வேட்பாளர் கூட்டத்துக்கு மைக் வாடகை, அரங்கம் கேட்கும் காப்பீடு, வாக்காளர் பதிவுக்கான துண்டறிக்கை அச்சடிப்பது, தபால் தலை, மேசைக்குப் பேனா. இவைதான் செலவு. எங்களுக்குச் சம்பளக்காரர் யாரும் கிடையாது. உறுப்பினர் சந்தா ஒரு பங்கு, வருட முடிவில் அனுப்பும் நன்கொடைக் கடிதத்துக்கு வருவது ஒரு பங்கு, மிச்சம் இந்த நாற்றும் பழைய புத்தக விற்பனையும். மார்ச் மாதமே சன்னலோரம் தட்டுகளில் விதை போட்டுவிடுவோம். நான் மிளகாயும் கத்தரியும் போடுவேன், பக்கத்துத் தெரு இத்தாலியப் பாட்டி துளசியில் அவர்கள் ஊர் வகையைக் கொண்டுவருவார். அன்னையர் தினத்துக்கு முந்தைய சனிக்கிழமை மதியத்துக்குள் பெரும்பாலும் விற்றுவிடும்.

ஒரு நாற்று 4 டாலர் என்று விற்று எவ்வளவு சேர்ந்துவிடும் என்று சிலர் கேட்கிறார்கள். சேர்வது கொஞ்சம்தான். ஆனால் அந்தப் பணம் பல நூறு கைகளிலிருந்து வருகிறது, அதில் எந்தக் கைக்கும் எங்களிடம் சலுகை கேட்கும் அளவுக்குக் கனம் கிடையாது. ஒரே ஆள் பெரிய காசோலை கொடுத்தால் வேலை சுலபம். ஆனால் நாளைக்கு அவருடைய மைத்துனர் நகர சபைக்கு நின்றால், எங்கள் கூட்டத்தை ஊர் நம்புமா? அதனால் வாக்குச்சீட்டில் பெயர் வரப்போகிறவர்களிடம் எங்கள் கிளை நன்கொடை வாங்குவதில்லை. ஒரு வேட்பாளர் விற்பனைக்கு வந்தார். இரண்டு தொட்டி வாங்கினார், எல்லோரையும் போலவே காசு கொடுத்தார், சந்தோஷம். எங்கள் பதாகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அவரும் புரிந்துகொண்டார்.

நன்கொடைக்கு வரி விலக்கு உண்டா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். லீக்கின் கல்வி நிதி 1957இல் தனியாகத் தொடங்கப்பட்டது. கல்வி நிதி போன்ற 501(சி)(3) கணக்குக்கு, அதாவது வரிச் சட்டத்தில் கல்வி, தொண்டு அமைப்புகளுக்கான வகைக்குக் கொடுப்பதற்கு வரி விலக்கு உண்டு. கொள்கைகளுக்காகக் குரல் கொடுக்கவும் செய்யும் அமைப்புகளுக்கான 501(சி)(4) கணக்கில் போகும் நன்கொடைக்குக் கிடையாது. காசோலை எழுதும் முன் எந்தக் கணக்கு என்று கேளுங்கள், எந்தப் பொருளாளரும் தப்பாக நினைக்க மாட்டார்.

கேள்வி: எங்கள் தமிழ்ச் சங்கமும் உங்களுக்காக ரேஃபிள் (பரிசுச் சீட்டுக் குலுக்கல்) நடத்தி நிதி திரட்டித் தரலாமா? அதே விழாவில் வாக்காளர் பதிவு மேசையும் போட ஆசை.
– பிஸ்கட்டவே சங்க நிர்வாகி

மனசுக்கு நிறைவான கேள்வி. ஆனால் ரேஃபிள் என்றால் நியூ ஜெர்சியில் சும்மா சீட்டுக் கிழிக்க முடியாது. அதற்கென்று இருக்கும் மாநில ஆணையத்தில் அமைப்பைப் பதிவு செய்து, விழா நடக்கும் ஊரின் நகராட்சியில் உரிமமும் வாங்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை, அதனால் தீபாவளிக்கு நடத்த வேண்டுமானால் கோடையிலேயே தொடங்குங்கள். இல்லையென்றால் ஒரு உண்டியல் போதும்.

மேசை விஷயத்தில் மட்டும் தயவுசெய்து பின்வாங்காதீர்கள். புதிதாகக் குடியுரிமை பெறுகிறவர்களை அந்த உறுதிமொழி விழாவிலேயே சந்தித்து, கையோடு வாக்காளராகப் பதிவு செய்வது நாடு முழுக்க லீக்காரர்கள் செய்துவந்த வேலை. 2025 ஆகஸ்டில் குடியுரிமைத் துறை விதியை மாற்றியது. அந்தத் துறை நடத்தும் விழாக்களில் தேர்தல் அதிகாரிகள் மட்டுமே பதிவு செய்யலாம், எங்களைப் போன்ற அமைப்புகளுக்கு அனுமதி இல்லை. சான்றிதழைக் கையில் வாங்கிய அந்த மணி நேரத்தில் கிடைத்த ஆட்களை இனி நாங்கள் வேறு இடங்களில்தான் தேடிப் போக வேண்டும். கோயில் வாசல், மளிகைக் கடை, உங்கள் விழா மண்டபம். அதனால்தான் உங்கள் அழைப்பு எனக்கு அவ்வளவு முக்கியம்.

இரண்டே நிபந்தனைகள். எந்த வேட்பாளரின் பதாகையும் எங்கள் மேசைக்கு அருகில் இருக்கக் கூடாது. சங்கமும் 501(சி)(3) என்றால் மேடையில் எந்த வேட்பாளரையும் ஆதரித்துப் பேசக் கூடாது, அது உங்கள் வரிச் சலுகைக்கே ஆபத்து. படிவத்தில் கட்சிக் கட்டத்தைக் காட்டி, “எதை அக்கா டிக் பண்ணணும்?” என்று நிச்சயம் கேட்பார்கள். சொல்ல மாட்டோம். விதியை மட்டும் விளக்குவோம்: கட்சி சேராதவர், கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் மாத முதல்நிலைத் தேர்தல் அன்று வாக்குச்சாவடியிலேயே கட்சியைத் தேர்ந்தெடுக்கலாம். ஏற்கெனவே ஒரு கட்சியில் பதிந்தவர் மாற வேண்டுமானால் 55 நாள் முன்பே மாற்றியிருக்க வேண்டும். எந்தத் தேர்தலானாலும் புதிதாகப் பதிய 21 நாள் முன்பு வரை நேரம்.

கேள்வி: பள்ளி வாரிய வேட்பாளர் கூட்டத்தில் என்னை எழுந்து கேள்வி கேட்க விடவில்லை, சீட்டில் எழுதச் சொன்னார்கள். இதுவா ஜனநாயகம்?
– சவுத் பிரன்ஸ்விக் வாசகர்

உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்தச் சீட்டின் பக்கம்தான் நான் நிற்பேன்.

மைக்கைத் திறந்துவிட்டால் முதல் ஆள் இரண்டு நிமிடம் சொந்தப் பிரசங்கம் செய்வார், அடுத்தவர் தன் வேட்பாளருக்கு வசதியான கேள்வியைத் தூக்கிப் போடுவார். கூச்சப்படுகிற நம் வீட்டுப் பெண்கள், ஆங்கிலம் தயங்கிப் பேசுகிறவர்கள் யாரும் எழுந்திருக்கவே மாட்டார்கள். சீட்டென்றால் அவர்களும் எழுதுகிறார்கள். ஒரே கேள்வி பத்துச் சீட்டில் வந்தால் ஒன்றாகச் சேர்ப்போம். தனிநபர் வசையை எடுத்துவிடுவோம். ஒருவரை மட்டும் குத்தும் கேள்வியை எல்லோருக்கும் பொதுவாக மாற்றுவோம். கூட்டத்தை நடத்துகிறவர் வேறு ஊர்க் கிளையிலிருந்து வருவார், ஏனென்றால் எங்கள் ஊரில் அவருக்கு ஓட்டு இல்லை. யார் முதலில் பேசுவது என்பதற்குக் குலுக்கல். முன் வரிசையில் உட்கார்ந்து, நேரம் முடியப்போகிறது என்று மஞ்சள் அட்டை, முடிந்தது என்று சிவப்பு அட்டை காட்டுவது என் வேலை. சிவப்பு காட்டினால் வாக்கியம் பாதியில் நின்றாலும் நிற்க வேண்டியதுதான், எனக்குப் பிடித்தவர் பேசினாலும்.

இந்த விதிகளை எல்லா வேட்பாளர்களும் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்கிறார்கள். போட்டியாளர்களில் ஒருவர் மட்டும் வந்தால் விவாதம் கிடையாது. காலி நாற்காலியைப் பக்கத்தில் வைத்து ஒருவரைப் பேச விட்டால் அது அவருக்குப் பிரச்சார மேடையாகிவிடும். இந்தப் பிடிவாதத்துக்கு வரலாறு உண்டு. 1976, 1980, 1984 அதிபர் தேர்தல் விவாதங்களை நடத்தியது லீக்தான். 1988இல் அதிபர் வேட்பாளர்களான புஷ், டுகாகிஸ் இருவரின் பிரச்சாரக் குழுக்களும் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, யார் கேள்வி கேட்பது, அரங்கில் யார் இருப்பது என்பதுவரை தாங்களே தீர்மானித்து நீட்டியபோது லீக் விலகிக்கொண்டது. அத்தனை கோடிப் பேர் பார்க்கும் மேடையை விட்டுக்கொடுத்தார்கள், விதியை விடவில்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். நியூ ஜெர்சியில் நாம் கட்டும் சொத்து வரியில் ஏறக்குறைய பாதி பள்ளிகளுக்குப் போகிறது. அந்தப் பணத்தைச் செலவழிக்கப் போகிறவர்களை நேரில் பார்த்துக் கேள்வி கேட்க வருடத்தில் ஒரு மாலைதான் கிடைக்கிறது. அடுத்த முறையும் வாருங்கள், சீட்டில் எழுதுங்கள், கூர்மையாக எழுதுங்கள்.

கேள்வி: கட்சி சாராதவர்கள் என்கிறீர்கள், ஆனால் லீக் அரசியல் விவகாரங்களில் நிலைப்பாடு எடுக்கிறதே?
– பிரின்ஸ்டன் வாசகி

எடுக்கிறது, மறைக்கவும் இல்லை. உறுப்பினர்கள் ஒரு விஷயத்தைப் படித்து, கூடிப் பேசி, கருத்தொற்றுமை வந்த பிறகுதான் நிலைப்பாடு. நம் மாநிலத்தில் கட்சித் தலைமை ஆதரிக்கும் வேட்பாளர்களை ஒரே வரிசையில் அடுக்கி அச்சடிக்கும் வாக்குச்சீட்டு முறை இருந்தது, ‘கவுண்டி லைன்’ என்பார்கள். மாநில லீக் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. 2024இல் ஜனநாயகக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலுக்கு அந்த முறை கூடாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது. லீக் அங்கே எதிர்த்தது ஒரு முறையை, எந்த வேட்பாளரையும் இல்லை. எனக்கும் சொந்தமாக ஓட்டும் கருத்தும் உண்டு. அவற்றை மேசைக்குக் கொண்டுபோவதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: என்னிடம் கிரீன் கார்டுதான் இருக்கிறது. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போனால் வாக்காளராகப் பதிவு செய்யவா என்று கேட்கிறார்கள். சரி என்று சொல்லலாமா?
– ஜெர்சி சிட்டி வாசகர்

கூடவே கூடாது தம்பி. குடிமகன் இல்லாதவர் குடிமகன் என்று சொல்லிப் பதிவு செய்தால், 1996 சட்டப்படி நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம். பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா என்று படிவத்திலேயே கேட்பார்கள். திரையில் என்ன வருகிறது என்று படித்துப் பார்த்து ‘இல்லை’ என்று அழுத்துங்கள். தெரியாமல் ஏற்கெனவே பதிந்திருந்தால் உடனே குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள், நண்பர்களிடம் யோசனை கேட்டு நாள் கடத்தாதீர்கள்.

ஓட்டு இல்லையே என்று ஒதுங்கவும் வேண்டாம். எங்கள் கிளையில் 16 வயதானால் போதும், உறுப்பினராகக் குடியுரிமை தேவையில்லை. நாற்றுக்குத் தண்ணீர் ஊற்ற, கூட்டத்தில் நேரம் பார்க்க, நாற்காலி போட ஆள் வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, குடியுரிமைத் தேர்வில் தமிழிலேயே பதில் சொல்லித் தேறியவர். ஆங்கிலம் படிக்க வராது. வாக்குச்சாவடியில் நான் கூடப் போகலாமா?
– பார்சிப்பனி வாசகி

தாராளமாகப் போகலாம். வாக்குரிமைச் சட்டத்தில் 1982இல் சேர்த்த 208ஆம் பிரிவு, படிக்க எழுத முடியாதவர் தனக்கு வேண்டியவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறது. வாக்காளரை வேலைக்கு வைத்திருப்பவரும், அவருடைய ஆட்களும், வாக்காளரின் தொழிற்சங்கத்தின் ஆட்களும் மட்டும் கூடாது. உள்ளே நுழைந்ததும் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். தபால் ஓட்டு என்றால், உதவியவர் என்று உறையில் உங்கள் பெயரையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

முதல் நாளே மாதிரி வாக்குச்சீட்டை அம்மாவோடு சமையலறை மேசையில் வைத்து, ஒவ்வொரு பெயரையும் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். பெயரைச் சொல்லுங்கள், பதவி என்ன செய்யும் என்று சொல்லுங்கள், யாருக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள். அம்மா கேட்டாலும்.