பிள்ளை புத்தக வேலைக்குப் போகலாமா?

வணக்கம் அண்ணே. போன வாரம் கோயில் மண்டபத்தில் மூன்று கேள்வி கேட்டீர்கள். வீட்டுக்கு வந்து யோசித்தால் மூன்றும் ஒன்றுதான்: நம்ம பிள்ளை ஏன் இஸ்லாமியப் புத்தகம் போடுகிற இடத்துக்குப் பிழை திருத்துகிற வேலைக்குப் போகணும்? சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன்.

சரி, உங்கள் பயத்தையே முதலில் பார்ப்போம். பிழை திருத்துவதால் யாரும் மதம் மாறிவிடுவதில்லை. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ஃபோன்ஸ் வீட்டே என்று ஒரு சிறிய, லாப நோக்கமில்லாத பதிப்பகம் இருக்கிறது. 1111-இல் மறைந்த இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலியின் 40 பாகப் பெருநூலை ஆங்கிலத்தில் கொண்டுவருகிறவர்கள், தாமஸ் மெர்ட்டன் என்ற கத்தோலிக்கத் துறவியைப் பற்றியும் ஒரு நூல்வரிசை போடுகிறார்கள். இங்கே மலேசியாவில், கோலாலம்பூர் பக்கத்துப் பெட்டாலிங் ஜெயாவில் பிள்ளையைக் கூப்பிட்டிருக்கும் இடமும் அந்த மாதிரிதான். அது இருக்கட்டும், உங்கள் அப்பா லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து தாயுமானவரின் பராபரக்கண்ணி பாடுவார் என்றீர்களே. அதே பெயரில் சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபும் ஒன்று பாடியிருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்தவர் அந்த மாதிரி பதிப்பகத்துக்கு லேசில் கிடைப்பதில்லை. எஸ்.டி.பி.எம் என்ற ஆறாம் படிவத் தேர்வில் தமிழ் எடுத்த பிள்ளைக்கு அது முடியும்.

வேலை என்னவோ பொடி வேலைதான். அரபியில் நம் காதுக்கு ‘ஹ’ என்று கேட்பது இரண்டு எழுத்து. ரோமன் எழுத்தில் எழுதும்போது ஒன்றுக்கு அடியில் புள்ளி, மற்றதற்குக் கிடையாது. புள்ளி மாறினால் சொல்லே மாறும். இடமிருந்து வலம் ஓடும் வரிக்கு நடுவே அரபி வரி வலமிருந்து இடம் ஓடும். வரி உடைகிற இடத்தில் சொற்கள் முன்பின்னாகப் புரண்டுவிடும். குர்ஆன் மூலத்தை அச்சிட 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதால் அந்தப் பக்கங்களில் விளையாட்டே கிடையாது. அப்புறம், தேசிய நூலகத்தில் புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என் வாங்குவது, அச்சகத்தோடு மல்லுக்கட்டுவது, நன்கொடையாளருக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் ஒரே ஆள் தலையில் விழும். பெரிய கம்பெனியில் ஐந்து வருடத்தில் கற்றுக்கொள்வதை இங்கே ஒன்றரை வருடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

இப்போது சம்பளம். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). இ.பி.எஃப் என்ற சேமநிதிக்குப் பிள்ளையின் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவும் போக, கையில் வருவது ஏறக்குறைய 1,500. அறை வாடகை 500 என்று வைத்துக்கொண்டால், நம்ம ஊர் சுங்கை சிப்புட்டுக்கு மாதம் ஒருமுறை வந்துபோகலாம். வீட்டுக்குப் பணம் எதிர்பார்க்காதீர்கள். “இது சேவை, அலவன்ஸ்தான் தருவோம்” என்று சொன்னால் பிள்ளை எழுந்து வந்துவிடட்டும். இளவயதில் நானே ஒரு பத்திரிகையில் எட்டு மாதம் அலவன்ஸில் ஓட்டினேன், இ.பி.எஃப் கணக்கில் அந்த எட்டு மாதமும் வெறுமை. வேலைக் கடிதத்தில் இ.பி.எஃப், சொக்சோ, விடுமுறை மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். மதம் பற்றி ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள். இருந்தால் கையெழுத்து வேண்டாம், என்னிடம் கொண்டுவாருங்கள்.

படிப்பை விடச் சொல்லவில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் கேட்கும் யு.பி.யு விண்ணப்பம் கட்டாயம் போடட்டும். பினாங்கில் இருக்கும் யு.எஸ்.எம் பல்கலைக்கழகத்தின் மொழிபெயர்ப்புப் பட்டப்படிப்பை முதலில் எழுதச் சொல்வேன், அடுத்தது மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை. இடம் கிடைக்கும்வரை இந்த வேலை. நர்சிங் உங்கள் ஆசை, எனக்குத் தெரியும். ஊசியைப் பார்த்தாலே அந்தப் பிள்ளைக்கு மயக்கம் வரும் என்பதை உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையை என் வீட்டுக்கு அனுப்புங்கள். பிழை நிறைந்த இரண்டு பக்கம் எடுத்து வைத்திருக்கிறேன். அழிப்பானும் பென்சிலும் கொண்டுவரட்டும், கைப்பேசி வேண்டாம்.