மரவேலை படிக்க வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 32. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சில ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் மரவேலை பழகிவருகிறேன். இப்போது ஒரு கல்லூரியில் மரச்சாமான் தயாரிப்புக்கான இரண்டாண்டு முழுநேரப் பட்டயப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. மொத்தக் கட்டணம் என்னுடைய 12 மாதச் செலவுக்குச் சமம். ஓய்வுக்கால நிதியைத் தொடாமலேயே 30 மாதச் செலவுக்கு ஈடான சேமிப்பு இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் என் செலவில் பாதி அளவுக்குச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கிறேன். கடன் இல்லை, என்னை நம்பி யாரும் இல்லை. கட்டணத்தைச் சேமிப்பிலிருந்தே கட்டிவிடலாமா, கல்விக்கடன் வாங்கலாமா? வட்ட ரம்ப மேசை ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. அதை இப்போதே வாங்கி வைக்கலாமா?

பதில்: தாராளமாகப் போய்ப் படியுங்கள். ஆனால் இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு சேருங்கள். ரம்ப மேசையை வாங்காதீர்கள்.

30-இலிருந்து 12-ஐக் கழித்தால் 18 மிச்சம் என்பது மனத்துக்கு இதமான கணக்குதான். ஆனால் மரவேலை படித்தவர்களுக்குப் பண நெருக்கடி பெரும்பாலும் கட்டணத்தால் வருவதில்லை. படிப்பு முடிந்த பிறகு வரும் முதல் ஆண்டில்தான் வருகிறது. பட்டறையில் சேர்ந்தால் தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கும். சொந்தமாகத் தொடங்கினால் முதல் வாடிக்கையாளர் கிடைக்க மாதங்கள் ஆகும். வேலை முடிந்து பணம் கைக்கு வர இன்னும் சில வாரங்கள். அந்த நேரத்தில் கையில் பணம் இல்லாதவர்கள், நன்றாகக் கற்ற தொழிலை விட்டுவிட்டுக் கிடைத்த வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். உங்களுக்கு அது நேரக்கூடாது என்பதுதான் என் கவலை.

முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். கட்டணம் 12. இரண்டு ஆண்டுகள் சாப்பிட்டு, வாடகை கட்டி வாழ 24. கைக்கருவிகளுக்கும் பயிற்சிக்கான மரத்துக்கும் ஒரு 3. படிப்புக்குப் பின் வருமானம் சீராகும்வரை தாக்குப்பிடிக்க 9. ஆக 48 மாதச் செலவு வேண்டும். கையில் இருப்பது 30. பள்ளம் 18. (இழக்கப்போகும் சம்பளத்தையும் இதில் சேர்க்கக் கூடாது. வாழ்க்கைச் செலவை ஏற்கெனவே எழுதிவிட்டோம். இரண்டையும் எழுதினால் ஒரே செலவை இருமுறை கணக்கிட்டதாகிவிடும். கணக்குத் துறையில் இருக்கும் உங்களுக்கு இது புரியும்.)

அந்தப் பள்ளத்தை மூன்று வழியில் நிரப்பலாம். ஓராண்டு கூடுதலாக வேலை பார்த்தால் சேமிப்பு 6 கூடும். கல்லூரிக்கு அருகில் அறையைப் பகிர்ந்துகொண்டு செலவை நான்கில் ஒரு பங்கு குறைத்தால், படிப்புக் காலத்தின் 24 என்பது 18 ஆகும். பிந்தைய 9 என்பது 7-க்குச் சற்றுக் குறைவாகும். இவையெல்லாம் சேர்ந்து 14-க்கு மேல் அடைந்துவிடும். எஞ்சியிருப்பது ஏறக்குறைய 4. அந்த 4-க்கு மட்டும் கல்விக்கடன் வாங்குங்கள். கட்டணம் முழுவதற்கும் கொடுக்கிறார்கள் என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். இந்த அளவுக் கடனை மூன்று ஆண்டுகளில் அடைப்பதென்றால் தவணை உங்கள் மாதச் செலவில் எட்டில் ஒரு பங்கை ஒட்டி வரும். வட்டி விகிதத்தைப் பொறுத்துச் சற்று ஏறலாம், இறங்கலாம். ஒரு பட்டறையின் தொடக்கச் சம்பளத்திலிருந்தே அதைக் கட்ட முடியும். கடன் தாங்குமா என்று பார்க்க அந்தச் சம்பளத்தையே அளவுகோலாக வையுங்கள். நீங்கள் விற்கப்போவதாக எண்ணும் தேக்கு மேசையின் விலையை வைத்துக் கடன் வாங்கக் கூடாது.

இடத்தை ஓராண்டு தள்ளிவைத்துத் தருவார்களா என்று கல்லூரியில் கேளுங்கள். பல கல்லூரிகள் ஒப்புக்கொள்ளும். கட்டணம் அதற்குள் உயருமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். காத்திருக்கும் ஆண்டில் ஒரு குறுகிய காலப் பயிற்சிக்குப் போங்கள். விடுமுறையில் ஆசைக்கு இழைப்பது வேறு; நாள் முழுக்க நின்றபடி ஒரே மாதிரியான எட்டு இழுப்பறைகளுக்குப் புறாவின் வால் வடிவில் மூலை இணைப்பு வெட்டுவது வேறு. இரண்டாவதும் பிடித்திருக்கிறதா என்பது, வேலையை விடுவதற்கு முன்பே தெரிய வேண்டிய செய்தி.

கல்லூரியைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. உங்கள் பணம் எதை வாங்குகிறது என்பது அங்கேதான் முடிவாகும். சான்றிதழைவிட இயந்திரக்கூட நேரமும், தவறைக் கண்டவுடன் திருத்தும் ஆசிரியரும்தான் விலை மதிப்பு. வாரத்தில் எத்தனை மணி நேரம் பட்டறை, எத்தனை மணி நேரம் வகுப்பறை? ஒவ்வொருவருக்கும் தனி வேலைமேசை உண்டா? மாலையில் கூடம் திறந்திருக்குமா? மரம் கட்டணத்தில் அடங்குமா, தனியா? கடந்த இரண்டு அணிகளில் படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத கல்லூரிக்கு 12 மாதச் செலவைக் கொடுக்க நான் தயங்குவேன். கட்டணமே கட்டாமல் கற்கும் வழியும் உண்டு. ஜெர்மனியில் மரச்சாமான் தச்சர் ஆக விரும்புகிறவர்கள் மூன்றாண்டுகள் பட்டறையிலும் தொழிற்பள்ளியிலும் மாறிமாறிக் கற்கிறார்கள். பயிற்சிக் காலத்திலேயே ஊதியம் கிடைக்கிறது. உங்களுக்கு எட்டும் தொலைவில் நல்ல பட்டறை ஒன்று சம்பளத்துடன் பயிற்சி தருமானால், கல்லூரியோடு அதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

இனி ரம்ப மேசை. ஒரு இயந்திரத்தோடு செலவு நிற்காது. பலகையைச் சமப்படுத்த ஒன்று, கனத்தைச் சீராக்க ஒன்று, வளைவு அறுக்கப் பட்டை ரம்பம், தூசி உறிஞ்சி என வரிசையாக வரும். பிறகு அவற்றுக்கான இடமும் மின் இணைப்பும். இவை எல்லாவற்றையும் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தத்தான் கல்லூரிக்குக் கட்டணம் கட்டுகிறீர்கள். அதுவரை உங்கள் இயந்திரம் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும். கைக்கருவிகளை வாங்குங்கள், அதுவும் கல்லூரி தரும் பட்டியலைப் பார்த்த பிறகு: 6, 12, 25 மில்லிமீட்டர் உளிகள், ஒரு இழைப்புளி, மூலைமட்டம், இணைப்பு வெட்டும் சிறு ரம்பம், கொட்டாப்புளி, சாணைக்கல். நல்ல எஃகில் குறைவாக வாங்கினால் போதும். தீட்டத் தெரிந்தவர் கையில் அவை பல்லாண்டுகள் உழைக்கும்.

மரத்துக்கு ஒதுக்குவதிலும் ஒரு எச்சரிக்கை. 25 மில்லிமீட்டர் கனமுள்ள அறுத்த பலகை, இழைத்துச் சமமாக்கியபின் ஏறத்தாழ 19 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். முடிச்சு, வெடிப்பு, நுனி என்று வெட்டி எறிவதையும் சேர்த்தால், வரைபடத்தில் இருப்பதைவிட நான்கில் ஒரு பங்காவது கூடுதலாக வாங்க வேண்டும். பச்சை மரம் மலிவாகக் கிடைக்கிறதென்று அடுக்கி வைக்காதீர்கள். காற்றில் உலர ஒரு அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தொழிலில் உள்ளவர்களின் தோராயக் கணக்கு. அதுவரை உங்கள் பணமும் அதோடு முடங்கிக் கிடக்கும். பின்னாளில் விலை சொல்லும்போது மரத்தின் விலையோடு கழிவு, பசை, உப்புத்தாள், வார்னிஷ், இயந்திரத் தேய்மானம், உங்கள் ஒவ்வொரு மணி நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். கைத்திறன் மிக்க பலர் இங்கேதான் நஷ்டப்படுகிறார்கள். கணக்கெழுதத் தெரிந்த தச்சர் என்பது உங்களுக்குப் பெரிய பலம். படிக்கும்போதே சிறு பட்டறைகளுக்கு மாலையில் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் வருமானமும் வரும், விலை போடும் முறையும் உள்ளிருந்து தெரியும். ஆனால் அந்த வருமானத்தை மேலே போட்ட கணக்கில் நான் சேர்க்கவில்லை, நீங்களும் சேர்க்காதீர்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்த உடம்புக்கு எவ்வளவு முடியும் என்பது சேர்ந்த பிறகுதான் தெரியும்.

ஒன்றை மட்டும் வேலையை விடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்: காப்பீடு. நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீடு, வேலையை விட்டதும் பெரும்பாலும் நின்றுவிடும். சொந்தமாக ஒன்று எடுங்கள். அதோடு விபத்தினால் ஏற்படும் ஊனத்துக்கான காப்பீடும் வேண்டும். விரல் இழப்புக்கு என்ன தருகிறார்கள் என்பதை ஆவணத்தில் தேடிப் படியுங்கள். சுழலும் ரம்பத்தின் முன் நிற்கப்போகிறீர்கள் என்பதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் இழப்பீடு கேட்கும் நாளில் மறுக்க அதுவே காரணமாகும். மரத்தூளைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஆகவே முகத்தோடு சரியாகப் பொருந்தும் நல்ல சுவாசக் கவசத்தை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள். அதில் சிக்கனம் வேண்டாம்.

கடன் கொடுப்பவரிடம் கையெழுத்துக்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். படிக்கும் காலத்தில் ஓடும் வட்டி அசலோடு சேருமா? முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா? முதல் கேள்விக்கு ஆம் என்றால், படிக்கும்போதே மாதாமாதம் அந்த வட்டியை மட்டும் கட்டிவிடுங்கள். இரண்டாவதற்கும் ஆம் என்றால் வேறு இடத்தில் விசாரியுங்கள்.